ஹாஜறா ரீச்சரின் சீதனக் காணி

சென்ற மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தபோது வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார்கள். மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தை நான் தவறவிடுவதில்லை. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பதை இப்போதெல்லாம் எனக்கு அதுதான் சொல்கிறது. மூன்றாவது அறிவித்தல் நற்பிட்டிமுனை என்று தொடங்கியது. காலஞ்சென்ற ஆதம்பாவா, சுலைகா உம்மா தம்பதியின் அன்பு மகளும், உதுமாலெவ்வையின் அன்புச் சகோதரியும், விஞ்ஞான ஆசிரியையுமான ஹாஜறா உம்மா காலமானார்; ஜனாஸா நேற்று அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்யப்பட்டது.

வாசிப்பவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் மத்தைப் பிடித்த கையோடு நின்றேன். 'நேற்று' என்ற சொல்தான் என்னை அடித்தது. நேற்று அஸர் நேரத்தில் நான் பத்தாம் வகுப்புப் புவியியல் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அவர் இல்லாத ஒரு முழு நாளில், அவர் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு நடமாடியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் தாவரவியல் படித்தவர்கள். கல்முனைப் பாடசாலையில் அவருக்கு நீங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'சேத்து ரீச்சர்' என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கோபமும் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சேற்றுக்காக அவர் எதைக் கொடுத்தார் என்பது உங்களுக்கு அரைகுறையாகவே தெரிந்திருக்கும். கலியாணம் நின்றுபோனதற்கும், அவர் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் கதைக்காமல் போனதற்கும் ஊரில் வேறு வேறு காரணங்கள் சொன்னார்கள். நான் பக்கத்திலேயே நின்றவள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி பாடசாலைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பல வாரங்கள் எங்களுக்கு வகுப்பு இல்லை. நான் தமிழர் ஊரான பாண்டிருப்பு, அவர் நற்பிட்டிமுனை. இருவருக்கும் முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் தேநீர் குடித்த பழக்கம் மட்டும்தான். ஒருநாள், கடலோடு கலக்கும் களப்பின் ஓரமாகச் சேதம் பார்க்கப் போனோம். கரையில் நின்ற ஒரு பெரிய மருதமரம் வேரோடு புரண்டு கிடந்தது. வேர் மண்ணோடு சுவர்போல எழுந்து நிற்க, அடியில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி. எல்லோரும் மரத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். ஹாஜறா சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

"ரீச்சர், பாம்பு கிடக்கும்!" என்று கத்தினேன்.

"பாம்பு ஓடியிருக்கும். நீங்க இஞ்ச வாங்க, இதைப் பாருங்க" என்றார்.

குழியின் பக்கச் சுவரில் மண் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மேலே வண்டல். அதன் கீழே பாய் இழைக்கும் பன்புல்லின் வேர்கள் பின்னிய பழுப்பு மண். அதற்கும் கீழே, மை போன்ற கறுப்புக் களியில் வாய் திறந்த சிப்பிகள், இரண்டு ஓடும் பிரியாமல், செருகி வைத்ததுபோல நின்றன.

"இந்தச் சிப்பி உசிரோட இஞ்சதான் இருந்திருக்கு. அலை கொண்டுவந்து போட்டிருந்தா ஓடு ரெண்டும் பிரிஞ்சு, படுத்துக் கிடக்கும். இது நிக்குது பாருங்க" என்றார். பிறகு, யாரிடமோ அனுமதி கேட்பதுபோல மெல்லச் சொன்னார்: "மருதமரம் நிண்ட இடம் ஒரு காலத்துல உப்புத் தண்ணிகா."

நெருங்கிய பெண்களோடு கதைக்கும் அந்தக் 'கா'வை என்னோடு அவர் போட்டது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எல்லாம் எங்களுக்குக் களப்புதான். தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கராஜில் ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக ராவி வாங்கினார். அதைச் சேற்றில் நேராக இறக்கி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடி இழுத்தால், உள்ளே மண் அடுக்குக் குலையாமல் வரும். அந்த மண் குற்றியை ஒரு தடியால் தள்ளி வாழைமட்டையில் கிடத்தி, விரற்கடை விரற்கடையாக அறுப்போம். ஒவ்வொரு துண்டையும் தேத்தண்ணி வடியில் கழுவி, மிஞ்சுவதைப் பால்மாத் தகர ரின்களில் போட்டு எழுதி ஒட்டுவோம். பஸ்ஸில் அந்தக் குழாயைப் பழைய சாரனில் சுற்றிக் கொண்டுபோவார். "என்ன ரீச்சர், துவக்கா?" என்று கொண்டக்டர் கேட்பான். "ஓம், தம்பி. உண்மையைச் சுடுற துவக்கு" என்பார். முழு பஸ்ஸும் சிரிக்கும். அப்படிச் சிரிக்கக்கூடிய காலமாகத்தான் அப்போது அது இருந்தது.

எனக்கு அவர் வைத்த ஒரே சட்டம் இதுதான்: "பார்த்ததை முதல்ல எழுதுங்க. நினைச்சதை மறுகா எழுதலாம்." என் குறிப்புகளில் 'கரையோரம் முன்னேறியதன் விளைவாக' என்று நான் புத்தகத் தமிழில் தொடங்கியதை எல்லாம் வெட்டிவிட்டு, 'கறுப்புக் களி, நான்கு விரற்கடை, சின்னச் சுருள் நத்தை பதினொன்று' என்று எழுத வைப்பார்.

செத்த நத்தையை அறிய, உயிருள்ள நத்தை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. அதற்காகக் களப்பை முழுக்க அலைந்தோம். களப்பின் அக்கரைத் தமிழ்க் கிராமத்து மீனவரான தம்பிராசா அண்ணன் தன் தோணியில் ஏற்றிப் போவார். உப்புச் சேற்றில் வளரும் கண்ணா மரங்களின் வேருக்கடியில் எந்த நத்தை, வெட்டவெளிச் சேற்றில் எது, முகத்துவாரத்து மணலில் எது என்று எண்ணி எழுதினோம். முதல் மாதம் முழுவதும் அண்ணனுக்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. "படிச்ச ரெண்டு பேரும் ஒரு கறிக்கும் ஆகாத நத்தையை எண்ணுறீங்க" என்பார். பிறகு அவரே ஒருநாள் தாமாகத் தோணியை நிறுத்தி, "இந்தக் கண்ணாவுக்க போன வருசம் இது இல்ல, ரீச்சர். இப்பதான் வந்திருக்கு" என்று ஒரு நத்தையை நீட்டினார். ஹாஜறாவின் முகம் அன்று முழுவதும் மலர்ந்திருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கொமரு ஒன்று முழங்கால் சேற்றில் நிற்கிறது என்று அவருடைய உம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். உம்மா வாசலில் எங்களைப் பிடித்து, "கலியாணம் பேசின பொட்டை நீ. மாப்பிள்ள வீட்டாக்கள் கண்டா என்ன சொல்லுவாங்க?" என்றார். மாப்பிள்ளை மருதமுனைக்காரர், றஸ்ஸாக். தூரத்து முறையில் மச்சான். கைத்தறிச் சாரன் எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்பவர். எங்கள் கிழக்கில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான் சீதனம். ஹாஜறாவுக்கு நற்பிட்டிமுனை வீடும், களப்போரத்து வயல்வெளியான வட்டையில் இரண்டு ஏக்கர் வயலும் என்று பேசியிருந்தார்கள். றஸ்ஸாக் ஒரு பயணத்தில், கொழும்பிலிருந்து பித்தளைப் பிடி போட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கி அனுப்பினார். வேறு மாப்பிள்ளைமார் சேலை அனுப்புவார்கள். ஹாஜறா அதை என்னிடம் காட்டும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. "சேத்தைப் பார்க்கத் தந்திருக்கார்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. இதையும் நீங்கள் அறிய வேண்டும்.

அடுத்தடுத்த இரண்டு பெரும்போகம், வட்டையின் பள்ளப் பக்கத்தில் வேளாண்மை எழும்பவில்லை. நாற்று மஞ்சளித்துக் குறுகி நின்றது. வாய்க்காலில் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர். கடல் உப்பு ஏறிவிட்டது என்றார்கள் வயற்காரர். மீன்காரர்கள் இறாலுக்காக முகத்துவாரத்து மணலை வேளைக்கே வெட்டிக் கடலை உள்ளே விடுகிறார்கள், அதுதான் காரணம் என்றார்கள். வயற்காரரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், மீன்காரர் தமிழர்கள். இப்படியான பேச்சு எங்கள் பக்கத்தில் எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் வலைகள் அறுக்கப்பட்டன. பிறகு வயலில் வேலைசெய்யும் ஒரு முல்லைக்காரனின் கையில் கத்தி வெட்டு விழுந்தது. ஒருநாள் விடியற்காலை தம்பிராசா அண்ணனின் தோணி கரையில் எரிந்துகொண்டிருந்தது. முகத்துவாரம் வெட்டுவதை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று வட்டையார் அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்க, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மனுவில் முதற் கையெழுத்து உதுமாலெவ்வை. ஹாஜறாவின் காக்கா.

அந்த நாட்களில்தான் அந்த ரின் அவர் கண்ணில் பட்டது. தவணை விடுமுறைக்கு முன் பள்ளப் பக்கத்துக் கறுப்புக் களியை ஒரு ரின்னில் போட்டு, ஆய்வுகூட யன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து தூக்கினால் அடி இல்லை. தகரம் அரித்து ஓட்டையாகி, மண் மேசையில் கொட்டியது. கறுப்பாகப் போட்ட களி சாம்பல் நிறமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள்ளே மஞ்சள் தூள் தூவியதுபோல ஒரு படலம். ஹாஜறா அந்த மண்ணில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அமிலம் பட்டால் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாளை வைத்தார். தாள் சிவந்தது. பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்த அதே களியில் வைத்தார். நீலம் நீலமாகவே இருந்தது.

"உப்பு இல்லகா. புளிப்பு" என்றார். "கண்ணா நிண்ட சேறு தண்ணிக்குள்ள இரிக்கிற மட்டும் ஒண்டும் செய்யாது. வாய்க்காலை ஆழமா வெட்டி, காய விட்டா, காத்துப்பட்டு அமிலமாகுது. வேளாண்மையைக் கடல் கொல்லல்ல. நாம தண்ணியை வடிச்சுத்தான் கொல்லுறம்."

அப்படியானால் மீன்காரர் மேல் பிழையில்லை. இதைச் சொன்னால் சண்டை தீரும் என்று துள்ளினேன். அவர் துள்ளவில்லை.

"இன்னும் ஒரு இடம் பார்க்கல்ல" என்றார்.

"எது?"

"என்ட காணி."

அடுத்த சனிக்கிழமை மண்வெட்டியோடு போனோம். அவருடைய சீதனக் காணி வட்டையின் கடைசி வரம்போடு, களப்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒரு குழி வெட்டினோம். ஒரு முழம் கூடப் போகவில்லை. மண்வெட்டி 'டக்' என்று மரத்தில் பட்டது. அவர் கையாலேயே மண்ணை விலக்கினார். கண்ணா மரத்தின் அடிக்கட்டை. வேர்கள் நாலா பக்கமும் வளைந்து, நின்ற நிலையிலேயே களிக்குள் இறங்கியிருந்தன. கட்டையின் தலை மொட்டையாக, சாய்வாக இருந்தது. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை. கோடரி வெட்டு ஒன்றன் மேல் ஒன்றாக, நேற்று வெட்டியதுபோல் தெரிந்தது.

கட்டையடிக் களியை, காய வைக்க ஒன்றும் தண்ணீருக்குள் வைக்க ஒன்றுமாக, இரண்டு ரின்களில் அள்ளிக்கொண்டு அவர் வரம்பில் உட்கார்ந்தார். கொக்கு ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் மேய்ந்தது. "இது வயலே இல்ல, மங்களா. இது களப்பு" என்றார்.

அன்று பின்னேரம் அவர் வீட்டில் உம்மா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். ஹாஜறா சுற்றி வளைக்காமல் கேட்டார்: "உம்மா, எங்கட களப்போரக் காணியில முந்தி கண்ணா நிண்டதா?"

"நிண்டதே! கொப்பும் வேருமா ஆள் பூர ஏலாத காடு. உங்கட வாப்பாவும் சின்னவாப்பாவும்தான் வெட்டினாங்க. நீ பிறந்த வருசம். அந்த விறகுலதான் எனக்குப் பிள்ளைப்பெத்த தண்ணி காய்ச்சின" என்றார் உம்மா, பெருமையோடு. உம்மாவுக்கு அது புருஷனின் உழைப்பின் கதை. ஹாஜறா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன். வீதிக்கு வந்ததும், "விசாரணையில ரின்னைக் காட்டுங்க. புளிப்பை மட்டும் சொல்லுங்க. உங்கட காணிக் கதையை விட்டிடுங்ககா" என்றேன். அந்தக் காணியைத் தவிர வேறு நாலைந்து பேரின் காணியும் அப்படி வெட்டியதாகத்தான் இருக்கும். அவர் ஏன் தன்னுடையதைத் தூக்கி முன்னுக்கு வைக்க வேண்டும்? கலியாணம் வேறு மூன்று மாதத்தில் இருந்தது.

"மத்தவன்ட காணியில குழி வெட்டிக் காட்டவா?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "அவங்க நம்புவாங்களா? என்ட காணியில காட்டினா ஆரும் மறுக்க ஏலாது."

விசாரணை, வட்டைக்குப் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில். ஒரு பக்கம் வயற்காரர், மறுபக்கம் மீன்காரர், நடுவில் பொலிஸ். அதிகாரி, பொறுமையான ஒரு நடுத்தர வயதுக்காரர். உதுமாலெவ்வை காக்கா எழுந்து உப்பேறிய கதையைச் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து ஹாஜறா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். மேசையில் காய்ந்த களி ஒன்றும் ஈரக் களி ஒன்றுமாக இரண்டு ரின்களை வைத்து நீலத் தாளைத் தோய்த்தார். ஒன்று சிவந்தது, மற்றது நீலமாகவே நின்றது. பின்வரிசைக்காரர் வாங்குகளில் ஏறி நின்று பார்த்தார்கள். வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையார் தன் கையாலேயே இன்னொரு தாளைத் தோய்த்துப் பார்த்தார். அது அவர் கையிலும் சிவந்தது.

"இந்த மண் எங்கே எடுத்தது?" என்றார் அதிகாரி.

"கடைசி வரம்போட இரிக்கிற காணியில, சேர். ஒரு முழத்துக்குக் கீழ கண்ணாக் கட்டை நிக்குது. கோடரி வெட்டும் இரிக்கி. வந்து பார்க்கலாம். அது களப்பா இருந்த இடம்."

"காணிக்காரர் யார்? அவருக்கு இதில் ஆட்சேபம் இல்லையா?"

காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ட சீதனக் காணி, சேர். எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார் ஹாஜறா.

அதிகாரி அன்றைக்கே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார். கட்டையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். ஒரு கிழமையில் முடிவு வந்தது. முகத்துவாரத்துக்குத் தடை இல்லை. இரு பக்கமும் பேசி நாள் குறித்து வெட்ட வேண்டும். ஆழமாக வெட்டிய வடிகாலை மூட வேண்டும். களப்போரத்துக் கடைசிக் காணிகளுக்கு உறுதிப் பத்திரம் இல்லாததால் அவற்றை விட்டுவிட வேண்டும். தம்பிராசா அண்ணன் செய்தி கேட்டு வந்து பாடசாலை வாசலில் நின்றார். கையில் செத்தல் என்கிற களப்பு மீன் ஒரு கோர்வை. "ரீச்சர்" என்று தொடங்கினார். மீனை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

மருதமுனையிலிருந்து ஆட்கள் வந்து, சீதனத்தில் பாதி களப்பாகிவிட்டது, வேறு என்ன தருவீர்கள் என்று கேட்டார்கள். காக்கா, தருவதற்கு ஒன்றுமில்லை என்றார். றஸ்ஸாக் வீட்டாரை எதிர்த்துப் பேசவில்லை. பேச முயன்றாரா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. வழக்கப்படி அவர்கள் கொடுத்த சாமான்கள் திரும்பின. நான் ஹாஜறாவின் அறையில் இருந்தேன். சேலை, செருப்பு, அத்தர்ப் போத்தல் எல்லாம் பெட்டியில் வைத்த பிறகு, பித்தளைப் பிடிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

"இதையுமா? இது உங்கட வேலைக்குத் தந்ததுதானே" என்றேன்.

"வேலைக்குத் தரல்ல, மங்களா. எனக்குத் தந்தது" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அன்று அவர் அழுததை நான் மட்டும்தான் கண்டேன். இப்போது நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். உறுதியான மனுஷி, எதற்கும் கலங்காதவர் என்று சிலர் எழுதுவார்கள். கலங்கினார், கலங்கியபடியே செய்தார்.

காக்கா அந்த நாளிலிருந்து தங்கையோடு கதைக்கவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. உம்மா இருந்தவரை உம்மா வழியாகப் பேச்சுப் போய் வந்தது. உம்மா மௌத்தான பிறகு அதுவும் நின்றது.

விட்டுவிடச் சொன்ன காணியை மற்றவர்கள் சும்மா விட்டார்கள். ஹாஜறா சும்மா விடவில்லை. கடைசி வரம்பைத் தன் கையால் வெட்டித் திறந்து, களப்புத் தண்ணீரை உள்ளே விட்டார். கண்ணா விதை முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். முற்றியதும் விழுந்து மிதக்கும். தம்பிராசா அண்ணன் புதிதாக வாங்கிய தோணியில் அவற்றைப் பொறுக்கி வந்தார். மூவருமாகக் குத்தி நட்டோம். முதல் வருடம் பெரும்பாலானவை செத்தன. இரண்டாம் வருடமும் அப்படித்தான். மண்ணின் புளிப்பு ஆறவில்லை. "வாப்பா ஒரு மாசத்துல வெட்டினதுக்கு நான் எத்தனை வருசம் நடுறதோ" என்று சிரித்தார். மாதந்தோறும் எண்ணினார். எத்தனை நின்றன, எத்தனை இலை, எந்த நத்தை வந்தது, எது வரவில்லை.

எண்பத்தைந்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வந்தது. பாண்டிருப்புக்கும் நற்பிட்டிமுனைக்கும் இடையில் ஒரு நடை தூரம்தான். அந்த நடையை நடக்க முடியாமல் போயிற்று. தம்பிராசா அண்ணனின் கிராமம் இரவோடிரவாகக் கலைந்தது. அவர் குடும்பம் தெற்கே வினாயகபுரத்தில் உறவுக்காரரிடம் போனதாகக் கேள்விப்பட்டோம். எனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது. புறப்படும்போது ஹாஜறாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அந்தக் குழாயோடு வீதியில் போன ஒருநாள், காவலரணில் அவரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்களாம். அதைக் கடிதத்தில்தான் எழுதியிருந்தார்: 'உண்மையைச் சுடுற துவக்கு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. குழாயை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இனிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.'

கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் நலம் விசாரிப்பு ஒரு வரி. மிச்சம் முழுவதும் கண்ணாக் கணக்கு. ஊர் எரிகிறது என்று எல்லோரும் எனக்கு எழுதிய நாட்களில் அவர், 'நாற்பத்தாறு நிற்கின்றன. இன்று ஒரு மீன்கொத்தி வந்து இருந்தது' என்று எழுதினார். ஒருமுறை கோபம் வந்து, 'உங்களைப் பற்றி எழுதுங்கள், நத்தையைப் பற்றி வேண்டாம்' என்று பதில் போட்டேன். அடுத்த கடிதத்தின் முடிவில் நாலு சொல் கூடுதலாக இருந்தது: 'நான் தனியத்தான் எண்ணுறன், மங்களா.' புத்தகத் தமிழில் எழுதி வந்த கடிதத்தில் அந்த ஒரு வரி மட்டும் அவர் கதைப்பதுபோல இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், வீதிகள் கொஞ்சம் திறந்த ஓர் இடைவெளியில் நான் போனேன். பஸ்ஸால் இறங்கியதும் அவர் நின்றார். மெலிந்திருந்தார். படியேற மூச்சு வாங்கியது. இதயத்தில் ஏதோ ஓட்டை என்றும், கொழும்பில் காட்டச் சொல்கிறார்கள் என்றும் வேறு யாருடையதோ வருத்தத்தைப்போலச் சொன்னார். "முதல்ல காணிக்கு வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு இடம் தெரியவில்லை. வரம்பு இருந்த இடத்தில் பச்சைச் சுவர். என் தலைக்கு மேல் கண்ணா. வளைந்த வேர்களுக்கிடையே தெளிந்த தண்ணீரில் குஞ்சு மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அப்பால், இடுப்பளவு தண்ணீரில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். உதுமாலெவ்வை காக்கா.

"காக்கா ஒரு வருசமா இஞ்சதான் இறால் பிடிக்கிறார்" என்றார் ஹாஜறா தாழ்ந்த குரலில்.

"கதைக்கிறாரா?"

"இல்ல. ஆனா பிடிச்சா, கொஞ்சத்தை என்ட குசினி வாசல்ல வெச்சிட்டுப் போவார்."

காக்கா எங்களைக் கண்டுவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பாண்டிருப்பு ரீச்சரா? சுகமா?" என்று கேட்டார். "சுகம், காக்கா" என்றேன். அவர் பார்வை என் பக்கத்தில் நின்றவரிடம் போய்த் திரும்பியது. "அவளைக் கூடுதலா வெயில்ல நிக்க விடாதீங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு வலையை உதறினார். ஹாஜறா தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருடத்தில் காக்கா வாயிலிருந்து தன்னைப் பற்றி வந்த முதல் வசனம் அது என்று வீட்டுக்குப் போன பிறகுதான் சொன்னார்.

அந்தக் கலக்கத்தில் நான் பார்க்காமல் தண்ணீருக்குள் கால் வைத்தேன். வேரில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று பாதத்தை அறுத்தது. ஹாஜறா என்னை வேரில் உட்கார்த்தி, இரத்தம் வழியும் காலை மடியில் தூக்கி வைத்தார். காயத்தைப் பார்ப்பார் என்று நினைத்தால், குனிந்து நான் மிதித்த வேரைத் தடவினார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"சிப்பி!" என்றார். "மங்களா, சிப்பி வந்திட்டுகா! உசிரோட!"

பிறகுதான் தன் முக்காட்டு ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். வலி பொறுக்க முடியாமல் நானும், சந்தோசம் பொறுக்க முடியாமல் அவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை. போவதற்கு ஒரு நாளைத் தள்ளி, மறுநாளைத் தள்ளி, வானொலி வரை வந்துவிட்டேன். செய்தி கேட்ட இரண்டாம் நாள் போனேன். காக்காதான் வாசலில் இருந்தார். "கொழும்புக்குக் கூட்டிப் போக வான் பேசியிருந்தன், ரீச்சர்" என்றார். "நானே போய் அவகிட்டச் சொன்னன், ஓம் எண்டும் சொன்னா." நாங்கள் இருவரும் அந்தக் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அவருடைய குறிப்புகள் காக்காவிடம் இருக்கின்றன. அவை அங்கேதான் இருக்க வேண்டும். மாதத்தில் ஒருநாள் தானே போய் எண்ணுவதாகச் சொன்னார், எழுத மட்டும் மகளை வைத்துக்கொள்வாராம். என்னிடம் இருப்பது என் இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே இரண்டு அங்குலத் தழும்பு. மாரிகாலத்தில் அது கடுக்கும். வகுப்பில் நெடுநேரம் நின்றால் கடுக்கும். அப்போதெல்லாம் நடையை நிறுத்தி, காலை மாற்றி வைத்துக்கொள்வேன். அந்த ஒரு கணத்துக்கு அவர் மடியில் என் கால் இருக்கிறது.